முன் சக்கரத்துக்குள் ஒரு பொட்டு

எங்கள் வீட்டு டேபிள் ஃபேன் ஏறக்குறைய ஒரு வருஷமாக ஓர் அட்டைப்பெட்டியின் மேல்தான் நின்றது. அம்மா தரையில் பாய் விரித்துப் படுப்பவள். ஃபேனைத் தரையில் வைத்தால் தூசியைக் கிளப்பும். ஸ்டூலில் வைத்தால் காற்று தலைக்கு மேலே போய்விடும். அந்தப் பெட்டிதான் சரியான உயரம். நல்ல கனம் வேறு, அதனால் ஃபேன் ஆடாது. அப்பா இறந்த அன்று துக்கம் கேட்க வந்தவர்கள் உட்கார இடம் வேண்டுமென்று கட்டிலுக்கு அடியில் கிடந்ததையெல்லாம் யாரோ இழுத்து வெளியே போட்டார்கள். அதில் வந்த பெட்டி அது. அப்பாவின் ஏதோ வண்டிச் சாமான் என்று சுவரோரம் தள்ளி வைத்தோம். பிறகு அதன் மேல் ஃபேன் ஏறிக்கொண்டது.

அப்பாவுக்கு வருஷத் திதி வந்தது. திதிக்கு முன்னால் வீட்டைக் கழுவ வேண்டும். நான் ஃபேனை இறக்கிவிட்டுப் பெட்டியைத் தூக்கினேன். நைந்துபோன அடிப்பக்கம் கிழிந்து, எண்ணெய்க் காகிதம் சுற்றிய ஒரு வட்டம் என் கால் பக்கத்தில் டங்கென்று விழுந்தது. பிரித்துப் பார்த்தேன். டிஸ்க். பிரேக் டிஸ்க். பெட்டிக்குள் இன்னொன்று இருந்தது. அதோடு, டிஸ்க்கில் உரசி வண்டியை நிறுத்துகிற புதுப் பேடுகள். எங்கள் வண்டியின் முன் சக்கரங்களுக்கு அப்பா வாங்கி வைத்தவை.

நான் அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அழவில்லை. அழுகைக்கு முன்னால் சிரிப்புத்தான் வந்தது. எந்தச் சாமானுக்காக அம்மாவும் அப்பாவும் கடைசி வரைக்கும் சண்டை போட்டார்களோ, அதன் மேலேயே ஃபேனை வைத்து ஒரு வருஷம் காற்று வாங்கியிருக்கிறோம்.

அந்தச் சண்டையைச் சொன்னால்தான் மற்றது புரியும். அப்பா கார் ஓட்டிப் பிழைத்தவர். கடைசியாக அவர் வாங்கியது பழைய பெரிய வண்டி ஒன்று. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். ஒரு மழைக்காலத்தில் பச்சைமலைக்கு ஆள் ஏற்றிப் போய் வாடகைக் கார் சேற்றில் மாட்டிக்கொண்டது. அன்றிலிருந்தே அவருக்கு இந்த மாதிரி வண்டி மேல் ஆசை. வாங்கிக்கொண்டு வந்து கே.கே. நகரில் எங்கள் தெருவில் நிறுத்தியபோது எதிர்வீட்டு சார் கேட்டார், "எந்த மலை ஏறப் போறீங்க? நம்ம தெரு வேகத்தடையா?" அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. "ரேஷன் கடைக்குப் போக நாலு சக்கரமும் இழுக்கணுமாக்கும்" என்றாள். ஆனால் அந்த வண்டியின் முன் சீட்டு அவளுக்குப் பிடிக்கும். உயரமாக உட்கார்ந்து ஊரைப் பார்த்துக்கொண்டு வருவாள்.

வாங்கிக் கொஞ்ச காலத்திலேயே ஒரு கோளாறு வந்தது. பிரேக்கை அழுத்தினால் ஸ்டீயரிங் உதறும். வேகத்தில் பிரேக் போட்டால் முன்பக்கமே குளிர்ஜுரம் வந்ததுபோல நடுங்கும். "டிஸ்க் கோணிப்போச்சு, மாத்தணும்" என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். "எப்ப மாத்தப் போறீங்க" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

போன வருஷம் இருவரும் தென்னூரில் ஒரு வளைகாப்புக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மன்னார்புரம் வரும்போது அப்பாவின் கை உதறியது. அம்மா அதைப் பார்த்தாள். ஸ்டீயரிங் உதறுகிறது, அதில் கையும் உதறுகிறது என்று நினைத்தாள். வழக்கம்போல ஆரம்பித்தாள், "இந்த உதறல் வண்டிய எப்பத்தான் சரி பண்ணப் போறீங்க." அப்பா வண்டியை இடதுபக்கம் ஒதுக்கி ஒரு மரத்து நிழலில் நிறுத்தினார். ஹேண்ட் பிரேக் போட்டார். சாவியை எடுத்து அம்மாவின் மடியில் வைத்தார். அப்புறம் சீட்டில் சாய்ந்தார். அவ்வளவுதான். நெஞ்சு வலி என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அம்மா அந்த வண்டியில் ஏறவே இல்லை. முதலில் பயம் என்று நினைத்தேன். பயம் இல்லை. ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்.

"அந்த வண்டி பொய் சொல்லுச்சுடி. கை உதறுனது அவருக்கு. நான் வண்டின்னு நெனச்சேன். வண்டி ஒழுங்கா இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். தண்ணியாவது குடுத்திருப்பேன். நான் திட்டிக்கிட்டு வந்தேன்."

தெரிந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னதைத் திரும்பச் சொன்னேன். அவள் கீரையைத்தான் பார்த்தாள்.

நான் பத்தாவதோடு நின்றவள். ஒரு பேக்கரியில் பேக்கிங் வேலை. வண்டி ஓட்டத் தெரியும், லைசென்ஸ் இருக்கிறது. பேட்டரி செத்துப்போகக் கூடாது என்று ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியை எடுத்து ஒரு சுற்றுப் போய் வருவேன். ஒவ்வொரு பிரேக்குக்கும் ஸ்டீயரிங் என் கையில் உதறும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. அப்பா பிடித்த இடத்தில் என் கை. அப்பாவுக்கு உதறிய மாதிரியே எனக்கும் உதறுகிறது. அந்த உதறலை மாற்ற வேண்டும் என்று எனக்கு அதுவரை தோன்றவே இல்லை.

ஆனால் திதி நெருங்கியதும் சித்தப்பா வந்து, திதி முடிந்த கையோடு வண்டியை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றார். சும்மா நிற்கிற வண்டி துருப்பிடிக்கும், அண்ணியும் ஏற மாட்டேன் என்கிறார், வைத்துக்கொண்டு என்ன செய்வது. அவர் சொன்னது தப்பில்லை. அம்மா உடனே, "கொண்டு போங்க" என்றாள். நான் குறுக்கிட்டேன்.

"சித்தப்பா, திதிக்கு ஸ்ரீரங்கம் போறதுக்கு அம்மா இந்த வண்டியில வந்துட்டா, வண்டி நம்மகிட்டயே இருக்கட்டும். வரலைன்னா நீங்க சொல்றபடி."

சித்தப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். "நான் பஸ்ல போயிக்குவேன்" என்றாள்.

அதனால்தான் அந்த டிஸ்க் விழுந்ததும் அப்படி உட்கார்ந்துவிட்டேன். அம்மா கொல்லைப்பக்கத்திலிருந்து துடைப்பத்தோடு வந்தாள். என்ன சத்தம் என்று கேட்டாள். காட்டினேன். குனிந்து ஒன்றை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"அப்போ வாங்கித்தான் வெச்சிருந்தாரா."

"ஆமாம்மா. மாட்டத்தான் இல்ல."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல. நான் பாட்டுக்குத் திட்டிக்கிட்டு."

"நான் மாட்டுறேன். உதறல் நின்னுட்டா வருவியா?"

அம்மா காய்ந்த துணியால் ஃபேனைத் துடைத்தாள். "மொதல்ல இதுக்கு ஏதாவது முட்டுக் குடு. இன்னிக்குப் படுக்கணும்" என்றாள். வர மாட்டேன் என்று சொல்லவில்லை. எனக்கு அது போதும்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டுக்குத் தென்னூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள் என் தோழி. கணவரை அவள் மச்சான் என்பாள், மாமியாரை மாமி என்பாள். அந்த மச்சான் துபாயில் இருக்கிறார். போனைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். இந்த வேலையை எப்படிச் செய்வது என்று நாங்கள் இருவரும் ஒரு வாரமாக வீடியோ பார்த்திருந்தோம். அவள் நிறுத்தி நிறுத்திக் காட்ட வேண்டும், நான் செய்ய வேண்டும். அது ஏற்பாடு.

"எனக்கு வேற வேலையே இல்லடி. எங்க மாமி கேட்டா தையல் கிளாஸுன்னு சொல்லியிருக்கேன்."

"மதில் மேல எட்டிப் பாத்துக்கிட்டுத்தான் இருக்காங்க உங்க மாமி."

"அல்லாவே. சரி, இருக்கட்டும். நட்டை லூஸ் பண்ணு."

வண்டி தரையில் நிற்கும்போதே வீல் நட்டுகளை இளக்கிவிட வேண்டும். தூக்கின பிறகு திருகினால் சக்கரம் சுற்றும். வீல் ஸ்பேனரைப் போட்டு அதன் மேல் ஏறி நின்றேன். அப்பாவும் அப்படித்தான் ஏறி நின்று ஒரு குதி குதிப்பார். பின் சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, ஜாக்கி வைத்துத் தூக்கினேன். இரண்டு பக்கமும் அடியில் ஸ்டாண்டு வைத்தேன். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே கை வைக்கக் கூடாது. சக்கரம் வந்தது. உள்ளே பழைய டிஸ்க். ஓரத்தில் வரப்பு மாதிரி மேடு, நடுவில் தேய்ந்த பள்ளம், அங்கங்கே சூட்டில் நீலம் பாரித்திருந்தது. இவ்வளவு நாள் எங்கள் வீட்டில் சண்டை மூட்டிய சாமான் இவ்வளவுதானா என்று பார்த்தேன்.

டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பரைக் கழற்றினேன். அதைப் பிரேக் ஆயில் வருகிற ரப்பர் ஓஸில் தொங்கவிட்டால் ஓஸ் கெட்டுப்போகும்.

"கட்டுடி, கட்டுடி, வீடியோல கம்பி வெச்சுக் கட்டுறான்" என்றாள் தோழி. கம்பி இல்லை. அவள் தலையிலிருந்து ரிப்பனை உருவிக் கொடுத்தாள். காலிப்பர் ஊதா ரிப்பனில் தொங்கியது. எதிர்வீட்டு சார் பால் பாக்கெட்டோடு போனவர் நின்று பார்த்தார்.

"என்னம்மா, சடங்கா? ரிப்பன்லாம் கட்டியிருக்கு."

"ஆமாங்க சார், பத்திரிகை வெச்சோமே, வரலையா?" என்றாள் தோழி.

"பிரிச்சுட்டீங்க. சேக்கத் தெரியுமா?"

"தெரியலைன்னா உங்க வீட்டு முன்னாடி தள்ளி விட்டுடுறோம் சார்."

அவர் சிரித்துக்கொண்டே போனார். அம்மா வாசலுக்கு வரவில்லை. உள்ளே பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. வேலை அதிகம் இருக்கும்போது அவள் சத்தம் போட மாட்டாள். காது கொடுக்கும்போதுதான் பாத்திரம் உருட்டுவாள்.

பழைய டிஸ்க் வரவில்லை. துருவில், சக்கரம் பூட்டுகிற ஹப்போடு ஒட்டிக்கொண்டு விட்டது. சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டினேன். துரு இளக்குகிற ஸ்பிரே அடித்துக் காத்திருந்தேன். தட்டினேன். வரவில்லை. கை வலித்தது. அந்த நேரத்தில் எனக்கு அப்பா மேல் கோபம் வந்தது. வாங்கி வைத்தீர்களே, அன்றைக்கே மாட்டித் தொலைத்திருக்கக் கூடாதா என்று மனசுக்குள் கத்தினேன். அப்புறம் அழுதேன். தோழி வீடியோவை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். தோளில் கை வைத்தாள். கிரீஸ் ஆகிவிடும் என்றேன். ஆகட்டும், பழைய சுடிதார்தான் என்றாள்.

பிறகு அவளே பார்த்துச் சொன்னாள், "இந்த ரெண்டு ஓட்டை எதுக்குடி, சும்மாவா வெச்சிருப்பான்?" மரை போட்ட ஓட்டைகள். அதில் போல்ட்டைத் திருகினால் அது உள்ளே போய் ஹப்பை முட்டி, டிஸ்க்கை வெளியே தள்ளும். அப்பாவின் பழைய பால்பவுடர் டப்பாவில் எல்லா அளவிலும் போல்ட் கிடக்கும். தேடி எடுத்து இரண்டையும் மாற்றி மாற்றித் திருகினேன். பட்டென்று விட்டது.

ஹப்பைக் கம்பி பிரஷ் போட்டுத் துரு போகத் தேய்த்தேன். அங்கே ஒரு பொருக்கு இருந்தாலும் புது டிஸ்க்கும் கோணலாக உட்காரும், மறுபடியும் உதறும். புது டிஸ்க்கில் துருப் பிடிக்காமல் இருக்கத் தடவி அனுப்பிய எண்ணெயைத் தின்னர் போட்டுத் துடைத்தேன். அந்த எண்ணெய் பேடில் ஏறினால் பிரேக் பிடிக்காது. துணி வெள்ளையாகவே வரும்வரை துடைத்து, ஹப்பில் மாட்டி, நழுவாமல் இருக்க இரண்டு நட்டைக் கையால் முடுக்கினேன். வெயில் பட்டு அது எவர்சில்வர் தட்டு மாதிரி மின்னியது. காலிப்பரை ஏற்றுவதற்கு முன் கை கழுவ நான் குழாயடிக்குப் போனேன். தோழி அவள் வீட்டுக்கு டீ எடுக்கப் போனாள்.

திரும்பி வந்தபோது அம்மா சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

அவள் கையில் குங்குமச் சிமிழ். அப்பா போன நாளிலிருந்து அலமாரியின் மேல்தட்டில் இருந்தது அது. அம்மா அதைத் தொடவில்லை. நான் பலமுறை சொல்லிப் பார்த்தேன், இந்தக் காலத்தில் யார்ம்மா பார்க்கிறார்கள், வைத்துக்கொள் என்று. வேண்டாம் என்றுவிட்டாள். துக்க வருஷம் என்பதால் ஆயுத பூஜையும் கும்பிடவில்லை. அப்பா இருந்தால் அன்றைக்கு ஜாக்கியிலிருந்து ஸ்குரு டிரைவர் வரைக்கும் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம்தான். போன ஆயுத பூஜைக்கு வண்டி வெறும் நெற்றியோடு நின்றது.

புது மிக்ஸி வந்தாலும், புது பீரோ வந்தாலும், புது அரிவாள்மனை வந்தாலும் பொட்டு வைக்காமல் எங்கள் வீட்டில் எடுக்க மாட்டோம். அம்மாவுக்கு அந்தப் பளபளப்பைப் பார்த்ததும் கை தானாகப் போயிருக்கிறது. டிஸ்க்கின் தட்டையான முகத்தில் அழகாக மூன்று இடத்தில் வைத்திருந்தாள். குங்குமம் ஒட்ட வேண்டுமே என்று, முதலில் விளக்கெண்ணெய்க் கிண்ணத்தில் விரலைத் தொட்டு நன்றாகத் தடவி, அதன் மேல் வைத்திருந்தாள். வெயிலில் எண்ணெய் இளகி, சிவப்புக் கோடாக வழிந்துகொண்டிருந்தது. பேடு உரசுகிற சரியான அந்த இடத்தில்.

"அய்யோ, அதுல வெக்கக் கூடாதும்மா" என்று சொல்லிவிட்டேன். யோசிக்கவே இல்லை. வாயில் வந்துவிட்டது.

அம்மா கையை இழுத்துக்கொண்டாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். சுடுகிற பாத்திரத்தைத் தொட்டுவிட்ட குழந்தை மாதிரி.

"சரிதான். நான் வெச்சிருக்கக் கூடாது" என்றாள். "புதுச் சாமான். மறந்துபோயிட்டேன்டி."

சிமிழை மூடி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் என்ன நினைத்துக்கொண்டாள் என்பது எனக்கு ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது. நான் எண்ணெயைச் சொன்னேன். அவள் தன் கையைச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டாள். தாலி இழந்தவளின் கை. ஒரு வருஷம் கழித்து அவளாகத் தொட்ட குங்குமத்தை நான்தான் தட்டிவிட்டேன். அதைவிட மோசம், இப்போது துணியை எடுத்து நான் அதைத் துடைக்கவும் வேண்டும். துடைக்காமல் விட்டால் பிரேக் பிடிக்காது. அம்மாவை ஏற்றிக்கொண்டு போகவேண்டும் என்றுதான் இவ்வளவும். பிரேக் பிடிக்காத வண்டியில் அவளை எப்படி ஏற்றுவேன்?

தோழி டீயோடு வந்தாள். நான் சொன்னதைக் கேட்டாள். "இதுக்கு வீடியோ இல்லடி" என்றாள். "உள்ள போ. போயி ஒழுங்காப் பேசு."

போனேன். அம்மா அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே புடைத்த அரிசி. கையைப் பிடித்தேன். கழுவியும் என் கையில் கரி போகவில்லை.

"ம்மா, எந்திரி. ஒண்ணு காட்டுறேன்."

"வேலை இருக்கு."

"ஒரு நிமிஷம் வா. நான் சொன்னது எண்ணெய. உன்னைய இல்ல."

"எதுன்னா என்ன. துடைச்சுட்டுப் போ."

"நீ வந்து பாக்காம துடைக்க மாட்டேன். வண்டி அப்படியே மூணு காலோட நிக்கட்டும்."

அம்மா வந்தாள். டிஸ்க்கின் முன் உட்கார வைத்தேன். ரிப்பனில் தொங்கிய காலிப்பரை எடுத்து, அதன் இரண்டு பேடுகளையும் காட்டினேன். "பிரேக்க அழுத்துனா இது ரெண்டும் டிஸ்க்க இப்படிக் கவ்வும்." அவள் உள்ளங்கையை என் இரண்டு கைகளுக்கு நடுவில் வைத்து அழுத்தினேன். "இப்ப இழு." இழுத்தாள். வரவில்லை. "இப்ப பாரு." அதே கிண்ணத்து எண்ணெயை அவள் உள்ளங்கையில் தடவினேன். மறுபடி அழுத்தினேன். இழுத்தாள். வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. நிலை தடுமாறிப் பின்னால் சாய்ந்தாள், தோழி பிடித்துக்கொண்டாள்.

அம்மா தன் கையைப் பார்த்தாள்.

"அடிப்பாவி. இது தெரியாம அதோட முகம் பூரா பூசிட்டேனே" என்றாள். கொஞ்சம் விட்டு, "அப்போ பொட்டே வெக்கக் கூடாதா இதுக்கு?" என்று கேட்டாள். கேட்ட விதத்தில் ஒரு ஆசை இருந்தது.

"இங்க வைம்மா." டிஸ்க்கின் நடுவில் தொப்பி மாதிரி எழும்பிய பகுதியைக் காட்டினேன். அங்கே பேடு படாது. மேலே சக்கரம் மூடிக்கொள்ளும். "எண்ணெய் வேணாம். சந்தனத்துல தண்ணி விட்டு வை. சக்கரம் உக்கார்ற எடத்துல படாம, சைடுல, சின்னதா."

"யாருக்கும் தெரியாதே."

"நமக்குத் தெரியும்ல."

"உள்ளயே சுத்திக்கிட்டே இருக்கும்" என்றாள் தோழி. "எங்க மச்சான் மாதிரி. கண்ணுலயே படாது, ஆனா இருக்குதுன்னு நம்பிக்கணும்."

அம்மா சிரித்துவிட்டாள். "வாயப் பாரு" என்று அவளைச் செல்லமாக அடித்தாள். எண்ணெய்க் கை. அவள் சுடிதாரில் இன்னொரு கறை.

வழிந்த குங்குமத்தை நான் துடைக்கவில்லை. தின்னரில் நனைத்த துணியை அம்மாவிடம் கொடுத்தேன். அவளே துடைத்தாள். துணி வெள்ளையாக வரும்வரை துடைக்க வேண்டும் என்றேன். எனக்குத் தெரியாதா, பாத்திரம் தேய்த்துத்தானே உன்னை வளர்த்தேன் என்றாள். பிறகு சந்தனத்தைக் குழைத்து, அதன் மேல் குங்குமம் வைத்தாள். மற்ற பக்கத்துச் சக்கரத்துக்கும் நான் கூப்பிடுவதற்கு முன்பே சிமிழோடு வந்து காத்திருந்தாள்.

இரண்டு பக்கமும் புதுப் பேடு மாட்டி முடிந்தது. வண்டி இன்னும் ஸ்டாண்டில் இருக்கும்போதே தோழி டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். "ஸ்டார்ட் பண்ணிக் கியர் போட்டுச் சுத்திப் பாக்கட்டா? வீடியோல ஒருத்தன் பண்ணுறான்."

"இறங்குடி."

அதைச் சொன்னது நான் இல்லை, அம்மா. "நாலு காலும் நடக்குற மாடு அது. முன்னங்கால் ரெண்டத் தூக்கிட்டு அடிச்சா, பின்னங்காலால ஓடிப் போயி எதிர்வீட்டு கேட்டுல முட்டும். அவரு எத்தனை தடவ சொல்லியிருக்காரு." சொல்லிவிட்டு, இதெல்லாம் தனக்குத் தெரிகிறதே என்று தனக்கே ஆச்சரியமாகிப்போனவள் போல நின்றாள்.

சக்கரங்களை மாட்டி, வண்டியை இறக்கி, நட்டுகளை முடுக்கினேன். நகர்த்துவதற்கு முன்னால் பிரேக்கைப் பலமுறை மிதிக்க வேண்டும். முதல் மிதியில் பெடல் தரைவரைக்கும் போய்விட்டது. பயந்துபோனேன். மிதிக்க மிதிக்க மெல்ல இறுகி, கடைசியில் கல் மாதிரி நின்றது. தனியாகத்தான் எடுத்துக்கொண்டு போனேன். புது டிஸ்க்கும் புதுப் பேடும் ஒன்றுக்கொன்று பழக வேண்டும். காலியான ரோட்டில் மெதுவாகப் பிரேக் போட்டுப் போட்டு ஓட்டினேன். ஸ்டீயரிங் என் கையில் அசையவே இல்லை. அப்பாவின் உதறல் போய்விட்டது. சந்தோஷம்தான். ஆனாலும் ஓரமாக நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்தால், பழைய டிஸ்க் இரண்டையும் கழுவி ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, அதன் மேல் ஃபேனை ஏற்றி வைத்திருந்தாள் அம்மா. "கொஞ்சம் தாழ்ந்துருச்சு. ஒரு பலகை போடணும்" என்றாள்.

திதி அன்று காலையில் அரிசி, காய்கறி, வாழை இலை எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றினேன். சித்தப்பா நேராக ஸ்ரீரங்கத்து அம்மாமண்டபப் படித்துறைக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். அம்மா வாசலைப் பூட்டிவிட்டு வந்து வண்டியின் பக்கத்தில் நின்றாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பஸ் என்பாள். பின் கதவைத் திறந்து, காய்கறிப் பையைத் தள்ளிவிட்டு, பின் சீட்டில் உட்கார்ந்தாள். ஏறிவிட்டாளே, எந்த சீட்டாக இருந்தால் என்ன என்று சொல்லிக்கொண்டேன். என் பக்கத்து சீட்டு காலியாகவே இருந்தது. அதைப் பார்க்காமல் ஓட்டினேன்.

ஒவ்வொரு பிரேக்குக்கும் கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தேன். அவள் ரோட்டைப் பார்க்கவில்லை. ஸ்டீயரிங் மேல் இருந்த என் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மன்னார்புரம் வந்தது.

"அந்த மரத்துக்கிட்ட நிறுத்து" என்றாள்.

நிறுத்தினேன். பதற்றத்தில் கொஞ்சம் அழுத்தியே பிரேக் போட்டுவிட்டேன். வண்டி ஒரு நடுக்கமும் இல்லாமல், தரையில் வைத்த குடம் மாதிரி நின்றது. அம்மா கதவைத் திறந்து இறங்கினாள். போச்சு, பஸ்ஸுக்குத்தான் போகிறாள் என்று நினைத்தேன். பின்னால் ஒரு பஸ் வேறு வந்துகொண்டிருந்தது. அவள் மரத்தைப் பார்த்தாள். கீழே குனிந்து முன் சக்கரத்தைப் பார்த்தாள். பொட்டு தெரியாது என்று அவளுக்கும் தெரியும். இருந்தாலும் பார்த்தாள். பிறகு முன் கதவைத் திறந்து என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, புடவையை இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

"பின்னாடி ஒரே காய்கறி நாத்தம்" என்றாள்.

நான் வண்டியை எடுத்தேன்.

"கையை நல்லாப் புடி. ஆடாம இருக்குதான்னு பாத்துக்கிட்டே வரேன்" என்றாள். "ஆடுனா சொல்லு. திட்ட மாட்டேன்."

காவிரிப் பாலத்தில் ஏறும்வரை என் கையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். பாலத்தில் காற்று வந்ததும் உயரமான அந்த சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, ஆற்றில் தண்ணீர் எவ்வளவு போகிறது என்று பார்க்க ஆரம்பித்தாள்.